மதுரை வெயிலில் ஏர் ஃபிரையர் பழ ஹேண்ட் பை

பழப் பூரணம் வைத்த ஹேண்ட் பை (hand pie) என்கிற பலகாரம் எங்கள் ஊரில் கெட்டுப்போவதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, மாவு பிசையும்போதே வெண்ணெய் உருகிவிடும். இன்னொன்று, பூரணம் நீர்த்துப்போய், வேகும்போது ஓரம் வழியாக ஒழுகிவிடும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசிக் கால் மணி நேர வேலை. பூரணத்தைச் சுண்ட வைக்கவும் மாவைக் குளிர்ச்சியாகவே வைத்துக்கொள்ளவும் கை பழகிவிட்டால், ஏர் ஃபிரையர் தன் பாட்டுக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சாப்பிட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளங்கை அளவில், அரை வட்டமாக, பார்ப்பதற்குச் சோமாஸ் மாதிரி இருக்கும். மேலே மைதாவும் வெண்ணெயும் சேர்ந்த மொறுமொறு ஓடு, உள்ளே சுண்டக் காய்ச்சிய பழம். தட்டு, ஸ்பூன் எதுவும் வேண்டாம், கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதைப் பொரித்துத்தான் சாப்பிட்டுப் பழக்கம், அதுவும் காய வைத்த ஆப்பிள், பீச் பழங்களை வேக வைத்து மசித்து. காய்ந்த பழத்தில் தண்ணீர் குறைவு, ஓடு கிழியாது. ஊர் எதுவானாலும் பிரச்சினை ஒன்றுதான் போல. மெக்டொனால்ட்ஸ்கூட அமெரிக்காவில் 1992-இல்தான் ஆப்பிள் பையைப் பொரிப்பதை விட்டுவிட்டு பேக் செய்ய ஆரம்பித்தது.

என் வீட்டில் ஓவன் கிடையாது, வைக்க இடமும் இல்லை. இருப்பது நாலு லிட்டர் ஏர் ஃபிரையர் ஒன்று. அதில் ஒரு தடவைக்கு மூன்று, நெருக்கி வைத்தால் நான்கு கொள்ளும். கீழே சொல்லும் அளவுக்கு எட்டு ஹேண்ட் பை வரும்.

எந்தப் பழம்?

ஆப்பிள்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. புளிப்பும் இனிப்பும் கலந்து, வெந்தாலும் கரையாமல் துண்டாக நிற்கும் பழம் எதுவானாலும் சரி. நம் பக்கம் அதற்கு முதல் இடம் கிளிமூக்கு மாங்காய்க்கு. நன்றாகப் பழுத்தது வேண்டாம், செங்காயாக எடுங்கள். அழுத்தினால் லேசாகக்கூட அமுங்கக் கூடாது, வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சள் தெரிய வேண்டும். மாங்காய்ப் பச்சடிக்கு எடுக்கிற பதத்துக்கு ஒரு படி மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். நத்தம் பக்கத்திலிருந்து மதுரைக்கு மாங்காய் வந்து இறங்கும் மாதங்களில் நான் ஆப்பிள் பக்கமே திரும்புவதில்லை. பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் எல்லாம் இதற்கு வீண். அவற்றை அப்படியே வெட்டிச் சாப்பிடுவதுதான் மரியாதை. வேக வைத்தால் கூழாகிவிடும், வாசனையும் பாதி போய்விடும்.

அன்னாசி நல்ல பழம்தான், ஆனால் சாறு அதிகம், பொறுமை வேண்டும். கொடைக்கானல் ப்ளம்ஸ் மே, ஜூனில் வரும்போது விடாதீர்கள். தோலோடு வேக வைத்தால் பூரணம் கருஞ்சிவப்பாகப் பார்க்கவே ஆசையாக இருக்கும். கொய்யாவும் அருமை. எங்களுக்குப் பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா கிடைக்கிறது. வேக வைத்து, விதையைச் சல்லடையில் தேய்த்து வடித்துவிட்டுச் சர்க்கரை போட்டுக் கிளறினால் அல்வா மாதிரி திரண்டு வரும். ப்ளம்ஸ், கொய்யா, ஆப்பிள் மூன்றிலும் பெக்டின் என்கிற பழப்பசை நிறைய இருப்பதால் தானாகவே கெட்டிப்படும். கீழே சொல்லும் சோள மாவில் (கார்ன்ஃபிளார்) பாதி போட்டால் போதும். நேந்திரம்பழத்தை நெய்யில் வதக்கினாலே முடிந்தது. அதற்குச் சோள மாவே தேவையில்லை.

தர்ப்பூசணி, பப்பாளி, சாத்துக்குடி, பன்னீர் திராட்சை இவற்றை வைத்து முயற்சி செய்யாதீர்கள். தண்ணீரைச் சுண்ட வைத்து முடிக்கும்போது பழம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. கடை ஜாமை அப்படியே வைக்கிற யோசனையும் வேண்டாம். சூடு ஏறியதும் ஜாம் இளகிக் கொதிக்கும், எங்கே ஓட்டை என்று தேடி வெளியே வரும்.

பூரணம்

இதை முதல் நாள் ராத்திரியே செய்துவிடுங்கள். காலையில் பூரணம் ஃபிரிட்ஜில் சில்லென்று காத்திருக்க வேண்டும்.

தோல் சீவிய மாங்காய்ச் சதை 350 கிராம். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போடுங்கள். பெரிய துண்டு வைத்தால் மேல் மாவை முட்டிக் கிழிக்கும். நாட்டுச் சர்க்கரை 80 கிராம், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துப் பிரட்டி இருபது நிமிடம் ஓரமாக வைத்துவிடுங்கள். சர்க்கரை, பழத்திலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தச் சாற்றை மட்டும் வாணலியில் வடித்து முதலில் கொதிக்க விடுங்கள். அது பாதியாகச் சுண்டியபின் பழத் துண்டுகளைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேக வைத்தால், சாறு வற்றுவதற்குள் பழம் குழைந்துவிடும். இப்படிச் செய்தால் சாறும் வற்றும், துண்டும் துண்டாகவே இருக்கும். அன்னாசிக்கு இந்த முறை இல்லாமல் ஆகவே ஆகாது.

துண்டுகள் போட்டு நாலைந்து நிமிடத்தில் ஓரம் கண்ணாடி போல ஆகும். ஒன்றரை மேசைக்கரண்டி சோள மாவை இரண்டு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். முதலில் வெள்ளையாகக் கலங்கும். அப்படியே இறக்கிவிடக் கூடாது. நன்றாகக் கொப்பளித்து, கலங்கல் போய்ப் பளபளப்பு வரும்வரை ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். சோள மாவு வேகாவிட்டால் பூரணத்தில் மாவு வாடை அடிக்கும், ஆறியதும் நீர்த்தும் போகும். அதற்காக நெடுநேரம் கொதிக்க விடுவதும் தப்பு. புளிப்பான பழத்தோடு ரொம்ப நேரம் கொதித்தால் சோள மாவின் கெட்டி இளகிவிடும். ஆப்பிளுக்கு எலுமிச்சைச் சாறு விடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்தபின் விடுங்கள்.

பதம் பார்க்கும் விதம்: கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் கிளற வேண்டும். அடி தெரிந்தபடி இரண்டு மூன்று நொடி நின்றால் இறக்கலாம். அப்புறம் கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள். மாங்காய்க்கு மிளகாய்த் தூள் போட யோசிக்கவே யோசிக்காதீர்கள். அன்னாசிக்கு மிளகு, ஆப்பிளுக்குப் பட்டைப் பொடி, நேந்திரத்துக்கு ஏலக்காய். ப்ளம்ஸுக்கு ஒன்றும் வேண்டாம், சர்க்கரையை மட்டும் 100 கிராமாக ஏற்றிக்கொள்ளுங்கள். அதன் தோல் வெந்தால் புளிப்பைக் கக்கும்.

வாணலியிலேயே ஆற விடாமல் அகலமான தட்டில் பரப்புங்கள். குவித்து வைத்தால் ஆவி உள்ளேயே நின்று தண்ணீராகிவிடும். நன்றாக ஆறியபின் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெதுவெதுப்பான பூரணத்தை மாவில் வைத்தால், அந்த இடத்தில் வெண்ணெய் உருகி ஓடு சாயம் போன துணி மாதிரி தொய்ந்துவிடும்.

இதில் எங்கள் அத்தையின் கைவேலை ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு அவர் செய்யும் சோமாஸுக்குப் பூரணம் பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, வறுத்த தேங்காய்த் துருவல். ஈரம் துளிகூட இருக்காது. நான் மாங்காய்ப் பூரணத்தை மாவில் வைக்கப் போனபோது எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு ஈரமா வச்சா அடி நமுத்துப் போகாதா? அடியில கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு தூவிக்கோ" என்றார். தூவினேன். அன்றிலிருந்து அதை விடவில்லை. ஐரோப்பியர்கள் பழ டார்ட்டுக்கு அடியில் ரொட்டித் தூளோ பாதாம் பொடியோ தூவுகிறார்களே, அதே வேலைதான். வேகும்போது பழம் விடுகிற சாற்றை மாவு குடித்துக்கொள்ளும், ஓட்டின் அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இருக்கும். ஒரு ஹேண்ட் பைக்கு அரைத் தேக்கரண்டி போதும். ருசியில் தனியாகத் தெரியாது. ஏலக்காய் போட்ட பூரணமாக இருந்தால் லேசாகத் தீபாவளி வாசம் வரும், அவ்வளவுதான்.

மாவு

மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் சுமார் 50 மி.லி. கடையில் கிடைக்கும் 100 கிராம் வெண்ணெய் பாக்கெட் ஒன்று சரியாக இதற்குப் போதும். உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெய் என்றால் மாவில் உப்பு சேர்க்காதீர்கள். உப்பில்லாத சமையல் வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டி உப்பு.

நெய் விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், வேறு பலகாரம் வரும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறையத் தண்ணீர் இருக்கிறது. மாவுக்குள் அங்கங்கே சிறு வில்லையாக நிற்கும் வெண்ணெய், சூடு பட்டதும் உருகும். அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை மேலே தூக்கும். அடுக்கு வருவது அப்படித்தான். நெய்யில் தண்ணீர் இல்லை, அதனால் நெய் பிஸ்கெட் மாதிரி உதிர் உதிராக வரும். மோசமில்லை, ஆனால் ஹேண்ட் பை இல்லை.

இந்த வில்லைகள் கடைசிவரை வில்லையாகவே இருக்க வேண்டும் என்பதுதான் வெயில் ஊரில் சிக்கல். வெண்ணெய் உருகுவது 32, 35 டிகிரிக்குள். மதுரையில் மே மாத மத்தியான அடுப்படி அதற்கு மேல் இருக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் "விரல் நுனியால் தேய்த்துக் கலக்கவும்" என்று எழுதியிருப்பதை இங்கே செய்ய முடியாது. நான் செய்வது இது. வெண்ணெய்ப் பாக்கெட்டை முதல் நாளே ஃபிரீசரில் போட்டுவிடுவேன். மைதாவையும் அகலமான பாத்திரத்தோடு அரை மணி நேரம் ஃபிரீசரில் வைப்பேன். காலை ஆறு, ஆறரைக்கு, அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், கேரட் துருவியின் பெரிய கண்ணில் வெண்ணெயை நேராக மைதாவுக்குள் துருவிவிடுவேன். பாக்கெட்டின் தாளைப் பாதி மட்டும் உரித்து, தாளோடு பிடித்துத் துருவினால் கைச்சூடு படாது. பத்துப் பதினைந்து கிராம் துருவியதும் மைதாவை ஒரு முள்கரண்டியால் புரட்டிவிட வேண்டும், துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும்.

ஐஸ் தண்ணீரில் வினிகரைக் கலந்து, ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்து முள்கரண்டியாலேயே கிளறுங்கள். பிசையக் கூடாது. சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு இது ரொம்பச் சிரமம், தெரியும். அடித்துப் பிசைந்தால் மாவில் இழுவை ஏறிவிடும். தேய்க்கும்போது சுருங்கிக்கொண்டே இருக்கும், வெந்தால் கடிக்க ரப்பர். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உதிராமல் ஒட்டி நிற்கிறதா, போதும். பார்க்க அங்கங்கே காய்ந்த மாவும் வெண்ணெய்ப் பொட்டுமாக அரைகுறையாகத்தான் இருக்கும். அப்படியே ஒரு பாலித்தீன் கவரில் கொட்டி, கவருக்கு மேலிருந்து அமுக்கித் தட்டையான வில்லையாக்கி ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். உருண்டையாக வைத்தால் நடுவில் குளிர ரொம்ப நேரமாகும், தேய்க்கும்போதும் ஓரம் வெடிக்கும்.

தேய்ப்பதற்கு மார்பிள் சப்பாத்திக் கல் இருந்தால் அதையும் மாவோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுப்பு மேடையில் ஐஸ் கட்டி போட்ட எவர்சில்வர் தட்டை ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் தேய்க்கலாம். மாவைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை மட்டும் வெளியே எடுங்கள், இன்னொன்று உள்ளேயே இருக்கட்டும். போளிக்குத் தட்டுகிற மாதிரி இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மேல்மாவே தேவைப்படாது. கனம் 3 மில்லிமீட்டர், அதாவது சப்பாத்தியைவிடக் கொஞ்சம் தடிமன். மெல்லிசாகப் போனால் பூரணம் பிய்த்துக்கொண்டு வரும். ஃபேன் ஓடட்டும், நீங்கள் வேர்த்து மாவில் சொட்டாமல் இருந்தால் சரி.

12 சென்டிமீட்டர் அகல டப்பா மூடியால் வட்டம் வெட்டுங்கள். மிஞ்சிய ஓரங்களைச் சேர்த்து ஒரே ஒரு தடவை திரும்பத் தேய்க்கலாம். வட்டங்களைத் தட்டில் அடுக்கி, நடுவில் தாள் வைத்து, மறுபடி பத்து நிமிடம் ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் கதவை எத்தனை தடவை திறப்பது என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். காதில் வாங்க வேண்டாம்.

மடிப்பதும் மூடுவதும்

வட்டத்தின் ஒரு பாதியில் பொட்டுக்கடலை மாவு தூவி, அதன்மேல் ஒன்றரை மேசைக்கரண்டி பூரணம். ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அதில் ஒரு பொட்டுப் பூரணம் பட்டாலும் ஒட்டாது, சர்க்கரைப் பிசுக்கு விடாது. விரலைத் தண்ணீரில் தொட்டு ஓரத்தை லேசாக ஈரமாக்கி, மடித்து, உள்ளே இருக்கும் காற்றைப் பூரணப் பக்கத்திலிருந்து ஓரம் நோக்கித் தள்ளிக்கொண்டே அமுக்குங்கள். காற்று உள்ளே மாட்டினால் சூட்டில் பலூன் மாதிரி ஊதி ஒரு பக்கம் விரியும்.

பிறகு முள்கரண்டியால் ஓரம் முழுக்க அழுத்தினால் போதும். அத்தைக்கு அது பிடிக்காது. ஓரத்தைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து மடித்துக் கயிறு முறுக்கியது போலக் கொண்டுபோவார். பார்க்க அழகு, பிடிமானமும் அதிகம். பொறுமை இருப்பவர்கள் அப்படியே செய்யுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் சோமாஸ் அச்சு இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் அச்சு பெரும்பாலும் சிறியதாக இருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி வட்டத்தைச் சின்னதாக வெட்டி, பூரணத்தை இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்திவிடுங்கள். அச்சில் மைதா தடவிக்கொண்டால் ஒட்டாது.

ஒரு விஷயத்தில் மட்டும் சோமாஸ் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். சோமாஸில் ஊசி முனை ஓட்டைகூட இருக்கக் கூடாது, எண்ணெய் உள்ளே போய்விடும். இதில் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். கத்தி முனையால் மேலே மூன்று சின்னக் கீறல் போடுங்கள். ஆவி அந்த வழியாகப் போனால் ஓரம் பிழைக்கும். இதையே எண்ணெயில் பொரித்துவிடலாமே என்று தோன்றினால், வேண்டாம். இவ்வளவு வெண்ணெய் போட்ட மாவு எண்ணெயில் விழுந்தால் உதிர்ந்து சட்டி முழுக்க மிதக்கும். சோமாஸ் மாவில் கொழுப்பு குறைவு, இறுக்கமாகப் பிசைந்தது, அதனால் தாங்குகிறது.

மூடியதை எல்லாம் கடைசியாக ஃபிரீசரில் பதினைந்து நிமிடம். இந்தப் படியை மட்டும் தவிர்க்காதீர்கள்.

ஏர் ஃபிரையரில்

ஏர் ஃபிரையர் என்பது மேலே கம்பிச் சுருளும் அதன் பின்னால் வேகமாகச் சுற்றும் விசிறியும் உள்ள சின்ன ஓவன், அவ்வளவுதான். சூடு மேலிருந்து கீழே அடிப்பதால் மேல் பக்கம் சீக்கிரம் சிவக்கும், அடிப்பக்கம் பின்தங்கும். ஓவனுக்கு எழுதிய குறிப்பில் 200 டிகிரி என்று இருந்தால் இதில் 180 போதும். அதற்கு மேல் வைத்தால் மேலே கறுத்து உள்ளே மாவு பச்சையாக இருக்கும்.

காலிக் கூடையோடு 180 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். அப்போது கூடையில் பேக்கிங் தாளை மட்டும் போட்டு வைக்காதீர்கள். பாரம் இல்லாத தாளை விசிறி தூக்கிக் கம்பிச் சுருளில் ஒட்ட வைத்துவிடும், கருகும். தாளே இல்லாமல், கூடையில் பிரஷ்ஷால் எண்ணெய் தடவுவது நல்லது. கீழே காற்று போனால்தான் அடிப்பக்கம் வேகும்.

ஃபிரீசரிலிருந்து மூன்றை மட்டும் எடுத்து, மேலே முட்டை மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டிப் பாலும் கலந்ததை மெல்லிசாகத் தடவுங்கள். முட்டை வேண்டாதவர்கள் பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கரைத்துத் தடவலாம். நிறம் கொஞ்சம் மட்டாக வரும், ருசிக்குக் குறையில்லை. ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்து 8 நிமிடம். திறந்து பாருங்கள், மேலே பொன்னிறம் ஏறியிருக்கும். தட்டையான தோசைக் கரண்டியால் மெதுவாகத் திருப்பிப் போட்டு இன்னும் 4 நிமிடம். அடிப்பக்கத்தைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். இரண்டாவது ஈடு போடும்போது கூடை ஏற்கெனவே சூடாக இருக்கும், ஒரு நிமிடம் முன்னாலேயே பாருங்கள். ஒவ்வொரு ஃபிரையருக்கும் ஒரு குணம், முதல் ஈட்டில் ஒன்றே ஒன்று போட்டு நாடி பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கீறல் வழியாகக் கொஞ்சம் பாகு வழிந்து ஓரத்தில் கறுத்திருந்தால் பதற வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தத் துண்டுக்குத்தான் போட்டி.

பிளக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1500 வாட் ஃபிரையர் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரணச் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய 16 ஆம்பியர் பாயிண்டில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியோடு சேர்த்துச் செருகாதீர்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், கால் மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது.

வெந்ததும் தட்டில் அடுக்கினால் அடியில் வேர்த்து நமுத்துவிடும். கம்பி வலை இல்லாதவர்கள் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். கால் மணி நேரம் யாரையும் தொட விடாதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளை. ஓடு ஆறிய மாதிரி இருக்கும், உள்ளே பாகு கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கு வெந்துவிடும்.

மாவே பிசைய நேரமில்லை என்றால்

சாயங்காலம் திடீரென்று ஆள் வந்துவிட்டது. ஃபிரீசரில் உறைந்த மலபார் பரோட்டா பாக்கெட் இருக்கிறதா? அது பெரும்பாலும் வேகாத அடுக்கு மாவுதான், ஹேண்ட் பைக்கு என்றே செய்த மாதிரி. ஐந்து நிமிடம் வெளியே வைத்து, வளையும் பதம் வந்ததும் பூரணம் வைத்து மடித்து, முள்கரண்டியால் அமுக்கி, கீறி, 180 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒரு திருப்பு. ரொம்ப நேரம் வெளியே வைத்துவிட்டால் கொழகொழவென்று கையில் ஒட்டும். பரோட்டாவில் உப்பு இருப்பதால் பூரணத்தில் இனிப்பைச் சற்றுத் தூக்கலாக வையுங்கள். கடையில் சுட்ட புரோட்டாவை வாங்கிவந்து இதைச் செய்ய முடியாது, வெந்தது ஒட்டாது. மதுரைக்காரர்களிடம் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பூரணத்துக்கும் நேரமில்லையா? கொட்டை எடுத்த பேரீச்சை 150 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேக வைத்து மசித்து, எலுமிச்சை அரை மூடி பிழிந்து விடுங்கள். அதை ஆற வைக்கிற நேரம்தான் செலவு.

வேக வைக்காததை ஃபிரீசரில் தட்டில் வைத்து இறுகியபின் டப்பாவுக்கு மாற்றினால் ஒரு மாதம் தாங்கும். உருக விடாமல் அப்படியே 170 டிகிரியில் 15 நிமிடம். வெந்ததில் மிச்சம் இருந்தால் மறுநாள் 160 டிகிரியில் மூன்று நிமிடம் காட்டினால் பழைய மொறுமொறுப்பு வந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் வராது.

மாவு ஓரங்கள் எப்படியும் கொஞ்சம் மிஞ்சும். அவற்றில் ஓமமும் மிளகும் துளி உப்பும் தூவி, விரல் நீளத்துக்கு வெட்டி, 180 டிகிரியில் ஆறு நிமிடம் விடுங்கள். இனிப்பே தொடாத என் வீட்டுக்காரர் இதற்காகத்தான் அடுப்படிப் பக்கம் வருகிறார். பரப்பிப் போட்டு, மேலே ஒரு கம்பித் தட்டு வையுங்கள். இல்லாவிட்டால் எடை குறைந்த துண்டுகளை விசிறி கூடைக்குள் சுழற்றி அடிக்கும்.